சகோதரிக்காக ஒரு ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் பெயர் சொல்வார்கள். இதய ஆபரேஷன் என்றால் பெயரோடு வீட்டுப் பெயரும், எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி என்பதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பார்கள். மனசுக்கு வருகிற நோய்க்கு, எங்கள் பேச்சில் சோக்கேட்டுக்கு, மட்டும் பெயர் கிடையாது. "நம் மத்தியில் ஒரு சகோதரி", "ஒரு சகோதரன்", அவ்வளவுதான். மரியாதைக்காகவாம். ஊருக்கே தெரிந்த சங்கதியின் தலையில் முக்காடு போடுவதில் என்ன மரியாதை கிடக்கிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்தின் புண்ணியத்தில், போன மே மாதம் நான் எனக்காகவே ஜெபித்தேன். யாரோ பாவப்பட்ட பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டு.

பாறசாலைக்கு வடக்கே, கேரள எல்லைக்குள், ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வகுப்பில் இருக்கிறவைதான் பிள்ளைகள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று சொல்வார்கள், கொஞ்சம் என்பது அவர்களுடைய தாட்சண்யம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று அப்பா ஒரு முன்ஜாமீன் வாங்கி வைத்தார். வந்தவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலுக்குக் குமஸ்தா. பேசுவதைவிட வார்த்தையை முழுங்குவது அதிகம். அப்பா சொன்னதை நம்பி என்னைக் கட்டிக்கொண்டார். குணம் எப்போது வெளியே வரும் என்று இத்தனை வருஷமும் காத்திருந்தாரோ என்னவோ.

போன அக்டோபரில் ஒரு மத்தியானம், வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி, நெய்யாற்றைக் காட்டித் தருகிறேன் என்று நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஓரமாக, கொதிக்கிற தாரில், பாதிப் பிள்ளைகள் செருப்புகூட இல்லாமல். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. பிள்ளைகள் பாடினார்கள், நானும் பாடினேன். உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு பஸ் சட்டென்று பிரேக் போட்டு நின்றதாகவும், கண்டக்டர் இறங்கி வந்து பிள்ளைகளை ஓரம் கட்டியதாகவும் பிறகு சொன்னார்கள். அது எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஒரு தாய். ஓடி வந்து, தன் பிள்ளையின் பாதத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட இன்று எனக்கு அவள் வீட்டைத் தாண்டிப் போகக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

அப்படி எனக்கு வந்தது இரண்டாம் தடவை. முதல் தடவை, அம்மா இறந்த வருஷம். அப்போது பனச்சமூடு வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தியம் பார்த்துவிட்டு, டைபாய்டு என்று ஊரில் சொன்னார்கள். இந்தத் தடவை டைபாய்டு எடுபடவில்லை. ஊரே ரோட்டில் நின்று பார்த்துவிட்டது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தேன், மருந்து கேட்டது, லீவில் வீட்டில் இருந்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்றால் டாக்டர் ஒரு சர்டிபிகேட் தர வேண்டும். அது கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அப்போது என் ஜீவனே. கிடைக்காவிட்டால் அந்தச் சின்னக் கரும்பலகைக்கு முன்னால் இனி வேறு யாரோ நிற்பார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மலையாளத்தில்தான் பேசுவார், பொறுமைசாலி. சர்டிபிகேட்டுக்கு முன் வீட்டுக்காரர்களோடு ஒரு தடவை சேர்ந்து உட்கார வேண்டும் என்றார். மறுபடி தொடங்கினால் முதல் அடையாளம் என்ன, அதை யார் கவனிப்பது, யாரைக் கூப்பிடுவது, எனக்கு எது சம்மதம், எது சம்மதம் இல்லை, எல்லாம் நான் தெளிவாக இருக்கும்போதே என்னோடு பேசி முடிவுபண்ண வேண்டும். "அதுக்கு முன்னால நெருங்கிய ரெண்டுமூணு பேர்கிட்ட சொல்லி வையுங்க, கவனிக்கட்டும்" என்றார். அன்று என் கணவருக்கு வக்கீல் ஆபீஸில் வேலை. துணைக்கு வந்தது என் தம்பி மனைவி. தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான், இவள் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். டாக்டர் சொன்னதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் கணக்கில் நெருங்கிய ரெண்டுமூணு பேர் என்றால் எவ்வளவு என்று எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் குடும்ப வாட்சாப்பில் ஒரு லிங்க் வந்தது. "விசேஷ ஜெபம்" என்று ஒரு புதுக் குரூப். "நம் குடும்பத்தில் ஒரு சகோதரியின் மனதுக்குச் சமாதானம் கிடைக்க ஊக்கமாக ஜெபிப்போம், எல்லாரும் சேரவும்." அனுப்பியது என் தம்பி மனைவி. நானும் அமுக்கினேன், சேர்ந்தேன். செங்கல் ஊரில் இருக்கும் பெரியம்மா மகளைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன், அவளுக்குப் புருஷனோடு தகராறு என்று கேள்வி. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கைகூப்புகிற படம் ஒன்று போட்டேன். சாயங்காலம் இன்னொன்று போட்டேன். எனக்குக் குணமாகி வருகிறது, இன்னொருத்தி கஷ்டப்படுகிறாள், அவளுக்காக நான் ஜெபிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் எனக்கும் பால் அளக்கிறவனுக்கும் வாய்த்தகராறு. பாலா அது, கஞ்சித்தண்ணி. மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் குரூப்பில் செய்தி: "சகோதரி இன்று பால் சொசைட்டியில் சத்தம் போட்டார்கள். சிவப்புச் சேலை கட்டியிருந்தார்கள். ஜெபத்தில் தாங்கவும்."

நான் கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தேன்.

குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். பனச்சமூட்டு மாமி, செங்கல் பெரியம்மா மகள் (அவளுக்கு ஒன்றும் இல்லை, எனக்காக உபவாசம் வேறு இருக்கிறாளாம்), சபைப் போதகர் ஐயருடைய மனைவி, எங்கள் தெரு முனைக் கோழிக்கடைக்காரர்வரைக்கும். நானும் அதற்குள் இருக்கிறேன் என்பதை ஒரு ஆத்மாவும் கவனிக்கவில்லை. என் கணவரும் இருந்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை. எல்லாவற்றையும் படித்திருந்தார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள்மேல் வந்தது கோபம். அவர்மேல் வந்தது வேறு, அதற்குப் பெயர் தெரியவில்லை.

உடனே போய்த் தம்பி மனைவியின் கதவைத் தட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். வாசல்வரை போய்விட்டேன். அப்புறம் நின்றேன். கேட்டால் என்ன ஆகும்? "சகோதரி இன்று வீடு தேடி வந்து சத்தம் போட்டார்கள்." டாக்டர் முன்னால் அதையும் சொல்வார்கள். வீட்டுக்காரர்களே இப்படிச் சொன்னால் அந்தப் பெண் எப்படி சர்டிபிகேட் தருவாள்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. என் வாயையாவது மூடுவோம் என்று திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபப்படக்கூட உரிமை இல்லாதவளாகப் போய்விட்டேனே என்றுதான் அழுதேன்.

அன்றிலிருந்து நான் நல்லவளானேன். பால் அளக்கிறவனிடம், "பிள்ளைகள் சுகமா இருக்கா?" என்று கேட்டேன். அவன் பயந்துபோய் ஒரு கரண்டி அதிகம் ஊற்றினான். தம்பி மனைவி கொண்டுவந்த சாளைக் கறியைச் சாப்பிட்டு, அருமை என்றேன். அவள் கறியைப் பார்த்தால் செத்த மீனுக்கே வெட்கம் வரும். சாயங்காலம் குரூப்பில், "ஸ்தோத்திரம், சகோதரி இன்று சிரித்தார்கள்." கீழே வரிசையாக ஆமென். எனக்கு வீம்பு வந்துவிட்டது. போடட்டும், நன்றாகப் போடட்டும், எல்லாம் டாக்டரிடம் சாட்சியாகட்டும்.

கணவரிடமும் நடித்தேன். அவரும் அந்தக் குரூப்பில் ஒருத்தர்தானே. சோறு விளம்பிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். முதலில் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, ஜூன் முதல் வாரத்துக்கு வைத்திருந்த சந்திப்பை முன்னால் இழுத்துவிட்டார். ஆஹா, மனுஷன் விழுந்துவிட்டார், சர்டிபிகேட்டுக்கு அவருக்கே அவசரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்த அறை சின்னது. டாக்டர், நான், கணவர், தம்பி மனைவி. இன்னொருத்தியையும் நான் கூப்பிட்டிருந்தேன், எங்கள் பள்ளிக்கூடத்து மலையாளம் டீச்சர். அக்டோபரில் பிள்ளைகளைத் தேடி ஸ்கூட்டரில் வந்தவள் அவள்தான். அதற்குப் பிறகும் வாரம் ஒரு தடவை என்னைப் பார்க்க வந்து, அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் போகிறவள்.

டாக்டர் எல்லாரிடமும் கேட்டார், தொடங்கும்போது நீங்கள் முதலில் பார்ப்பது என்ன என்று.

தம்பி மனைவி தயாராக வந்திருந்தாள். கோபத்துக்கு எங்கள் பக்கத்தில் தேச்சியம் என்பார்கள். "தேச்சியம்தான் டாக்டரே. மயினிக்கு தேச்சியம் ஏறுனா அதாக்கும் அடையாளம். ஒறக்கச் சத்தமாப் பேசுவாவ, சண்டைக்குப் போவாவ. இப்ப நாங்க எல்லாரும் ஜெபிச்சு, ஒரு வாரமா மயினி தங்கம் மாதிரி இருக்காவ."

மலையாளம் டீச்சர் குறுக்கே புகுந்தாள். "தேச்சியம் சோக்கேடுன்னா என்னையும் இங்க அட்மிட் பண்ணுங்க டாக்டரே. மூணாம் கிளாஸ் எடுக்கிற யாருக்காக்கும் தேச்சியம் இல்லாத்தது?"

டாக்டர் சிரித்தார். நானும் பவ்வியமாகச் சிரித்தேன். பிறகு டாக்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"தேச்சியம் அடையாளம் இல்ல" என்றார். "இவ தேச்சியப்பட்டா எனக்கு ஒரு பயமும் இல்ல. இவ நல்லா இருக்கும்பதான் பயம்."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவ்வளவு நீளமாக அவர் யார் முன்னாலும் பேசி நான் கேட்டதில்லை.

"அக்டோபர்ல பிள்ளையள ரோட்டுல கொண்டு போறதுக்கு முன்ன, ரெண்டு வாரமா இவ ஒரு தடவைகூட என்னைய ஏசல்ல. சோறு வெளம்பிட்டு பக்கத்துல இருந்தா. கோர்ட்டுல என்ன விசேஷம்னு கேட்டா. தலையில எண்ண தேச்சு விட்டா. இவளுக்க அம்மை செத்த வருசமும் இப்பிடித்தான் தொடங்கிச்சு. எனக்குத் தெரியும் டாக்டரே. ரெண்டாம் நாளே மனசிலாச்சு."

"பிறகு ஏன் அப்பவே கூட்டிட்டு வரல்ல?" டாக்டர் கேட்டார், குற்றம் சொல்கிற குரலில் அல்ல.

அவர் ஜிப்பிலிருந்து கையை எடுத்தார். "கொறச்சு நாளு இப்பிடி இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். "கல்யாணம் முடிஞ்சு இத்தன வருசத்துல எனக்கு அந்த ரெண்டு தடவதான் அப்பிடிக் கிட்டிச்சு. விட மனசு வரல்ல. அந்தப் பிள்ளையளுக்கு எதாவது ஆயிருந்தா, அது இவளால இல்ல, என்னாலயாக்கும்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையில் ஒரு ஓட்டில் விரிசல் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஊர் முழுக்கப் பார்த்தபோது வராத வெட்கம் அந்த நான்கு பேர் முன்னால் வந்தது. பைத்தியம் பிடித்த நாட்களில் மட்டும் புருஷனிடம் பிரியமாக இருந்தவள் நான். அந்த மனுஷன் அந்த நாட்களை எண்ணெய் தீர்ந்துபோகிற விளக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை அவர் வெளியே சொல்லவேண்டியிருந்தது ஒரு ஆஸ்பத்திரி அறையில், என் தம்பி மனைவியை வைத்துக்கொண்டு.

"இப்ப மறுபடியும் ஒரு வாரமா அப்பிடி இருக்கா" என்றார் அவர். "இந்தத் தடவ நான் காத்திருக்கல்ல. ஆஸ்பத்திரிக்கு விளிச்சுச் சொல்லிட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். தூக்கம் எப்படி, மருந்து எப்படி என்று கேட்கத் தொடங்கினார். அவர் குரல் மாறிவிட்டது எனக்குத் தெரிந்தது. சர்டிபிகேட் கைநழுவுகிறது. இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

"இது சோக்கேடு இல்ல டாக்டரே" என்றேன். "நான் நடிச்சதாக்கும்."

எல்லாவற்றையும் சொன்னேன். குரூப்பை, லிங்கை, எனக்கு நானே கைகூப்பியதை, சிவப்புச் சேலையை, சாளைக் கறியை. போனைத் திறந்து டாக்டரிடம் நீட்டினேன். தம்பி மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "மயினி, நீங்களும் அதுக்குள்ள இருந்தியளா?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். "ஜெபிக்கத்தான மயினி செய்தேன்." அது உண்மைதான். கெட்ட மனசு அவளுக்கு இல்லை. "ஜெபி மக்கா, வேண்டாம்னு யாரு சொன்னா? ரிப்போர்ட் எழுதாண்டாம்" என்றேன். ஏசத்தான் வாய் திறந்தேன், வந்தது இவ்வளவுதான்.

நான் எதிர்பார்த்தது கணவர் முகத்தில் ஒரு நிம்மதியை. பெண்டாட்டிக்கு மறுபடி வரவில்லை என்று தெரிந்தால் எந்த மனுஷனுக்கும் வருகிற நிம்மதி. அது வரவில்லை. பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"எண்ண தேச்சதுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் நடந்தது. யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று டாக்டர் என்னிடமே கேட்டார். இவரும் மலையாளம் டீச்சரும் போதும் என்றேன். அந்தக் குரூப்பை அங்கேயே கலைக்கச் சொன்னார், தம்பி மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கலைத்தாள். கோபம் அடையாளம் அல்ல என்று முடிவானது. முதல் அடையாளம், திடீரென்று எல்லாரிடமும், முக்கியமாகக் கணவரிடம், வழக்கத்துக்கு மாறாக அன்பாக இருப்பது. அதைக் கண்டால் இரண்டு நாளைக்குள் அவர் கூப்பிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. எனக்குச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். சம்மதம் என்றேன். என்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு என் வாயாலேயே சம்மதம் சொன்னபோது என் காது இரண்டும் சுட்டது. சர்டிபிகேட் கிடைத்தது. ஜூன் மாதம் வகுப்புக்குப் போகலாம்.

தம்பி மனைவியை மலையாளம் டீச்சர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஜன்னல் சீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் வகிட்டுப் பக்கம் முடி நரைத்திருந்தது. எண்ணெய் தேய்த்தபோது அது என் கண்ணில் படவில்லை, அப்போது என் கவனமெல்லாம் சர்டிபிகேட்டில் இருந்தது.

அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு கேட்டெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு மரச்சீனிக் கிழங்கு அவிச்சு மீன்கறி வைக்கட்டா? உங்களுக்கு இஷ்டம்தான?"

அவர் திரும்பினார். என் ஒரு கண்ணைப் பார்த்தார், அப்புறம் மற்றக் கண்ணைப் பார்த்தார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"இது எதாக்கும்? சோக்கேடா, நடிப்பா?"

ஊரில் யாருக்கும் பதில் சொல்லத் தயங்காத வாய் இது. அமரவிளைப் பாலம் தாண்டி, உதியன்குளங்கரை தாண்டி, எங்கள் ஸ்டாப் வருகிறவரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.